லோடு போயாச்சு, பணம் வரலை: சட்டப்படி என்ன செய்யலாம்? நீலகிரி வியாபாரிகள் அனுபவப் பகிர்வு

கேத்தி கேரட்
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போட்டது கமிஷனுக்கா, விலை பேசி விற்றதா? இதை முதலில் பிரிச்சுக்குங்க. விலை பேசி விற்றிருந்தால் சரக்கு அவருடையது, உங்களுக்கு வரவேண்டியது வெறும் கடன். அதுக்கு ஸ்டேஷனில் நம்பிக்கை மோசடின்னு புகார் கொடுத்தால் நிக்காது. 2024-ல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அங்கே பாக்கி நின்றது குதிரைத் தீவனத்துக்கு.

கமிஷன் மண்டி கதை வேறு. அவர் உங்கள் ஏஜென்ட். விற்ற காசை அமுக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 316(5), அதாவது ஏஜென்ட் செய்யும் நம்பிக்கை மோசடி, பேச இடமுண்டு. ஆனால் மண்டி தரும் துண்டுச் சீட்டில் கமிஷன், இறக்குக் கூலி கழித்த கணக்கு இருக்கணும். எடையும் தொகையும் மட்டும் கிறுக்கின சீட்டை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் முடிச்சுடுவார்.

குன்னூர் லாரி புக்கிங்
பணம் வராமல் வாங்கினவர் திவாலாகியிருந்தால், சரக்கு வழியில் இருக்கும்போதே நிறுத்தலாம். 1930 சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 50 முதல் 52 வரை. வாங்கினவர் திவால்னு கோர்ட் அறிவிக்கணும்னு இல்லை, கடன்களைக் கட்டாமல் கைவிரிச்சிருந்தாலே போதும். டிரைவருக்குப் போன் போட்டால் மட்டும் ஆதாரம் நிக்காது. லாரி ஆபீசுக்கு எழுத்தில் கொடுங்க, அவங்க டிரைவருக்குச் சொல்ல அவகாசமும் இருக்கணும். திரும்பி வர்ற வாடகை உங்கள் தலையில்தான். மலைப்பாதையில் பர்லியாரிலேயே வண்டியை மறிச்சு வாங்கினவர் தன் வண்டிக்கு மாற்றிக்கிட்டாலும் டெலிவரி ஆனதாகத்தான் கணக்கு, அந்த உரிமை அங்கேயே போச்சு.

அதனால் புது ஆளுக்கு அனுப்பும்போது எல்.ஆரில் (லாரி ரசீது) பெறுபவர் இடத்தில் 'செல்ஃப்'னு உங்கள் பெயருக்கே போடுங்க. பணம் வந்த பிறகு ஒரிஜினல் எல்.ஆரைக் கொடுத்தால் போதும்.

கேத்தி கேரட்
அண்ணா, திருப்பின சரக்கை என்ன செய்யன்னும் சொல்லிடறேன். கழுவின கேரட் நிக்காது, அழுகும் பொருளுக்கு நோட்டீஸ் தேவையில்லை, நியாயமான நேரத்துக்குள் பணம் வரலைன்னா வேற ஆளுக்கு வித்துடலாம் (பிரிவு 54). விலை குறைஞ்ச நஷ்டத்தையும் கேட்கலாம். தேயிலைத் தூளுக்கு அப்படி இல்லை. நோட்டீஸ் கொடுக்காமல் விற்றால் நஷ்டம் கேட்க முடியாது, லாபம் வந்தால் அது பழைய ஆளுக்குப் போகும்!

ஊட்டி வக்கீல் ஆபீஸ்
செக் இருந்தால் அதுதான் பலமான ஆயுதம், தேதியை மட்டும் விட்டுடக் கூடாது. செக் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் போடணும். திரும்பின தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைச்சதிலிருந்து 15 நாள் அவருக்கு. அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார்.

வழக்கு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, நோட்டீசில் செக் தொகையை அப்படியே கேட்காமல் விடுவது. எழுத்துப்பிழையால் தொகை மாறியிருந்தாலும் நோட்டீஸ் செல்லாதுன்னு 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வட்டி, செலவு கேட்கணும்னா தனியா, பிரிச்சுக் காட்டுங்க. இன்னொன்று, செக் கொடுத்த பிறகு வாங்கினவர் ஜிபேயில் கொஞ்சம் அனுப்பியிருப்பார், விற்றவர் முழுத் தொகைக்கே செக்கைப் போட்டிருப்பார். அப்போ செக் தொகை உண்மையான கடனைவிடக் கூடுதல், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (செக் வழக்குக்கான சட்டம்) பிரிவு 138 அடிபடும். வந்த தொகையை செக்கிலேயே குறிச்சு மீதிக்கு மட்டும் போடணும் (அதே சட்டம், பிரிவு 56).

மலைக்காரங்களுக்கு ஒரு சௌகரியம்: உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்தக் கோர்ட் எல்லையோ, வழக்கு அங்கேதான். கணக்கு குன்னூரில் இருந்தால் கொச்சி வியாபாரி குன்னூர் ஏறி வரணும். செக்கை மேட்டுப்பாளையம் கிளையில் போட்டிருந்தாலும் அப்படித்தான்.

கோத்தகிரி தூள்
தேயிலை ஃபேக்டரி வச்சிருக்கறவங்க உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) சரக்கு அனுப்பும் முன்னாடியே எடுத்துக்குங்க. குறு, சிறு நிறுவனம்னா ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாள்தான் உச்சம். ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசு கவுன்சிலில் ஆன்லைனிலேயே புகார் போடலாம். கவுன்சில் தீர்ப்பை எதிர்க்கணும்னா வாங்கினவர் முதலில் தீர்ப்புத் தொகையில் 75% கட்டணும், அதனால் பாதிப் பேர் பேச்சுக்கு வந்துடுவாங்க. வாங்கி விற்கும் வெறும் வியாபாரிக்கு உத்யம் இருந்தாலும் இந்தச் சலுகை கிடைக்காது.

180 நாளில் பணம் தரலைன்னா வாங்கினவர் அந்தச் சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிக் கழிவை வட்டியோட திருப்பணும். தூளுக்கு இதை ஒரு கடிதத்தில் நினைவுபடுத்தலாம். பச்சைக் காய்க்கு வரியே இல்லை, அங்கே பலிக்காது.

கேத்தி கேரட்
நுகர்வோர் கோர்ட்?

ஊட்டி வக்கீல் ஆபீஸ்
இல்லைங்க, பாக்கிக்காக விற்றவர் அங்கே போக முடியாது. சிவில் வழக்குத்தான். 3 லட்சமும் அதுக்கு மேலும் வணிக வழக்குன்னா, அவசர உத்தரவு கேட்காதபட்சத்தில் முதலில் சமரசம் கட்டாயம்.

காலக்கெடு 3 வருஷம். லெட்ஜரில் கடைசி வரவு தேதியிலிருந்து மொத்தப் பாக்கிக்கும் எண்ணலாம்னு நினைக்கறாங்க, அது தப்பு. கடன் நாள் பேசாத பில்லுக்கு டெலிவரி தேதியிலிருந்து, பேசினதுக்கு அந்த நாள் முடிஞ்சதிலிருந்து, ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனியா ஓடும். வருஷா வருஷம் மார்ச் முடிவில் 'இன்ன தேதி வரை பாக்கி இவ்வளவு'ன்னு எழுதி அவர் கையெழுத்தும் தேதியும் வாங்கிட்டால் அன்றிலிருந்து புதுசா 3 வருஷம். கெடு முடிஞ்ச பில்லுக்கு இந்தக் கையெழுத்து உதவாது. பணம் தர்றேன்னு புதுசா எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.