எட்டாயிரத்துக்குள் ஹாலில் பாட்டுக் கேட்க: புதுசா, பழசா?

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் புது 2.1 செட் (இரண்டு ஸ்பீக்கர், பேஸுக்குத் தனியாக ஒரு சப்வூஃபர்) எடுப்பதா, இல்லை தெரிந்தவர் தரும் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு ஸ்பீக்கரையும் எடுப்பதா? பழையதில் வால்யூமைத் திருகினால் கரகரவென்கிறது, அதுதான் தயக்கம்.

பதில்: பழையதையே எடுங்க. வால்யூம் கன்ட்ரோலுக்குள் அழுக்கு சேர்ந்தால் அப்படித்தான் கரகரக்கும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் விட்டு, மூடியைக் கழற்றி, கன்ட்ரோலின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரை (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) கொஞ்சமாக அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நன்றாகத் திருகுங்க, பெரும்பாலும் சரியாகிவிடும். உள்ளே உருளை மாதிரி இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கலாம், அவற்றில் மட்டும் கை வைக்கவே கூடாது. கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும்.

இன்னொருவர்: அண்ணா, முதலில் ஸ்பீக்கரைப் பாருங்க. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா? நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் நாளடைவில் பொடிந்துவிடும். அப்புறம் கூம்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாகச் சமமாக அழுத்துங்க, உள்ளே சரசரவென உரசினால் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) போய்விட்டது, வாங்காதீங்க.

கேட்டவர்: ஃபோம்தான், தொட்டதும் விரலில் கருப்பாக ஒட்டியது. உரசல் இல்லை.

இன்னொருவர்: அப்படியென்றால் வளையத்தை மட்டும் மாற்றலாம், அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்க. ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் (மின்தடையின் அளவு) என்றும் பாருங்க. ஆம்ப்ளிஃபையரில் குறைந்தது 8 ஓம் என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீங்க, ஆம்ப்ளிஃபையர் சூடாகிப் பழுதாகலாம்.