பழைய பலகைத் தரை, ஸ்கர்ட்டிங் பேத்தெடுக்கணும் – சுவரு பாழாகாம எப்படி நெம்புறது?

வெள்ளெலி:
ஒரு ரூம்ல பழைய மரப்பலகைத் தரை, சுத்தி மர ஸ்கர்ட்டிங் (சுவர் அடில ஓடற பட்டை), கதவு நிலைய சுத்தி பீடிங். தரைய மட்டும் புதுசா போடப்போறேன், ஸ்கர்ட்டிங்கயும் பீடிங்கயும் அப்படியே எடுத்து திரும்ப அடிச்சிக்கணும்னு ஆசை, அந்த டிசைன் இப்ப யாரும் செய்யறதில்ல. கைல இருக்கறது ஒரு கடப்பாரையும் சுத்தியலும்தான். மூலைல லேசா அசைச்சாலே சுவர் பெயின்ட்டு சேர்ந்து உரியுது. எந்த சைஸ் கம்பி வாங்கலாம், எங்க ஆரம்பிக்கணும், பலகையும் முழுசா வருமா? செஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மரத்தூள்:
கடப்பாரைய எடுத்த எடத்துலயே வச்சிடுங்க, அது இடிக்கறதுக்கு. உங்களுக்கு வேண்டியது தட்டையான நெம்புகம்பி, ஃப்ளாட் பார்னு கேளுங்க, ஒரு முனை எல் மாதிரி மடங்கி இருக்கும், இன்னொன்னு லேசா தூக்கலா இருக்கும், ரெண்டுலயும் ஆணி புடுங்க வெட்டு இருக்கும். ஸ்கர்ட்டிங்குக்கு 7, 8 இஞ்சு நீளம் தாராளம், தரைக்கு 15 இஞ்சு. முனை மெலிசா இருக்கான்னு பாத்து வாங்குங்க, தடியா இருந்தா இடுக்குல நுழையறதுக்குள்ள மரம் நசுங்கிடும். கூட ஒரு பட்டி பிளேடு, கட்டர், குறடு.

பெயின்ட் உரியறதுக்குக் காரணம் வேற ஒண்ணுமில்ல, வருஷக்கணக்கா அடிச்ச பெயின்ட்டு சுவரையும் மரத்தையும் ஒரே தோலா ஒட்டி வச்சிருக்கு. ஸ்கர்ட்டிங் மேல் விளிம்புல கட்டர வச்சு நீளத்துக்கும் ரெண்டு மூணு தடவ கிழிச்சிட்டு அப்புறம்தான் கம்பியத் தொடணும்.

இப்ப முக்கியமான விஷயம். எல்லாரும் கம்பியோட நுனியத்தான் பாக்கறாங்க, சுவர குழி பண்றது அதோட மடக்குதான். மடக்குலேந்து நுனி 1 இஞ்சு, கைப்பிடி 12 இஞ்சுன்னு வைங்க, நீங்க 10 கிலோ பலம் குடுத்தா நுனில கிட்டத்தட்ட 120 கிலோ வருது, அந்த பலத்த எல்லாம் தாங்கறது மடக்கு சாஞ்சிருக்கற விரல் அகல எடம். பூச்சு சுவரே உள்ள போயிடும், ஜிப்சம் போர்டுன்னா கேக்கவே வேணாம், பொத்தல்தான். அதனால மொதல்ல பட்டி பிளேட தட்டி இடைவெளி பண்ணுங்க, பிளேடுக்கும் மரத்துக்கும் நடுவுல கம்பிய விடுங்க, மடக்குக்குப் பின்னாடி ஒரு ப்ளைவுட் துண்டு குடுங்க, அகலமான துண்டா இருந்தா பலம் பரவிடும். ஜிப்சம் சுவர்னா உள்ள சட்டம் ஓடற எடமா பாத்து துண்ட வைங்க.

ஆணி இருக்கற எடத்துக்குப் பக்கத்துலயே நெம்பணும் (பட்டி வச்சு மூடின புள்ளி தெரியும்). ரெண்டு ஆணிக்கு நடுவுல நெம்பினா மரம் வில்லா வளைஞ்சு டப்புனு போயிடும். ஒரே எடத்துல முழுசா இழுக்காதீங்க, ஒவ்வொரு ஆணிகிட்டயும் அர இஞ்சு அர இஞ்சா தூக்கிட்டே போய் திரும்ப வாங்க. கழட்டினதும் ஆணிய பின்பக்கமா குறட்டுல புடிச்சு உருட்டி இழுங்க, பின்னாலேந்து சுத்தியல்ல தட்டினா முன்பக்கம் சில்லு தெறிக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னாடி பென்சில்ல நம்பர் போட்டுடுங்க.

ஆப்பு_ராசா:
மரத்தூள் சொன்னதுல ஒண்ணு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், திரும்ப யூஸ் பண்ற ஸ்கர்ட்டிங்குக்கு நான் கம்பியே குடுக்க மாட்டேன். பட்டி பிளேடுல கொஞ்சம் தொறந்ததும் மர ஆப்பு நாலஞ்ச வரிசையா எறக்கி மாத்தி மாத்தி தட்டிட்டே வருவேன், ஆணி தெரிஞ்சதும் ஹேக்சா பிளேட உள்ள விட்டு அறுத்துட்டா முடிஞ்சுது. நேரம் ஆகும், பொறுமை இல்லாதவங்களுக்கு செட் ஆகாது.

அப்புறம் உள்மூலைய கவனிங்க. ஒரு துண்டு இன்னொண்ணோட டிசைன் மேலயே வெட்டி உக்கார வச்சிருந்தா மேல உக்காந்திருக்கறதுதான் கடைசியா அடிச்சது, அதத்தான் மொதல்ல எடுக்கணும். மாத்தி எடுத்தா அந்த மெல்லிசு முனை ஒடிஞ்சிடும், ஒட்டினாலும் அசிங்கமா தெரியும்.

நாக்கும்_காடியும்:
தரையப் பத்தி யாரும் பேசலயே. மொதல்ல ஆணியடிச்ச பலகையா, க்ளிக் லேமினேட்டான்னு (ஆணி இல்லாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டறது) பாருங்க. க்ளிக்னா அது தரைல ஒட்டியே இருக்காது, ஸ்கர்ட்டிங் போனதும் ஓரத்துல இடைவெளி தெரியும், கடைசி வரிசைய மட்டும் கம்பியால தூக்கிட்டு மத்தத கையாலயே சாய்ச்சு சாய்ச்சு கழட்டலாம்.

ஆணியடிச்சதுன்னா ஆணி மேல தெரியாது, நாக்குல (பலக ஓரத்துல நீட்டிட்டிருக்கற விளிம்பு) சுமார் 45 டிகிரி சாய்வா எறங்கியிருக்கும், அடுத்த பலகையோட காடி (ஓரத்துல இருக்கற பள்ளம்) அத மூடியிருக்கும். அதனால எந்த சுவர்ல போட்டு முடிச்சாங்களோ அங்கேந்துதான் பிரிக்கணும். கடைசி ஒண்ணு ரெண்டு வரிசைய மேலயே ஆணி அடிச்சிருப்பாங்க, அது போனா போகட்டும், நீளவாக்குல அறுத்து ஒடச்சு எடுத்துடுங்க. அதுக்கப்புறம் நாக்கு உங்க பக்கம் பாத்து நிக்கும், ஆணி இருக்கற எடத்துல நாக்குக்கு அடில பெரிய கம்பிய விட்டு, கீழ ஒரு கட்டைய குடுத்து, மெதுவா. எல்லாமே முழுசா வரும்னு நம்பாதீங்க, கொஞ்சம் பலகைல நாக்கு ஒடியத்தான் செய்யும்.

எடுத்த பலகைய ஆணியோட தரைல போடாதீங்க, அப்பப்பயே புடுங்குங்க. கண்ணாடி கண்டிப்பா போடுங்க, பழைய ஆணி ஒடிஞ்சா மூஞ்சிக்குத்தான் வரும்.

வெள்ளெலி:
எல்லாருக்கும் நன்றி. ஆணியடிச்சதுதான், க்ளிக் இல்ல. ஆனா ஓரத்துல ஒரு பலக ஏற்கனவே ஒடிஞ்சிருக்கு, அதுக்கு அடில சின்ன சின்ன சதுர ஷீட் டைல்ஸ் ஒட்டியிருக்கு, கறுப்பு கோந்து. கம்பியோட முனையாலயே சுரண்டிடலாமா?

நாக்கும்_காடியும்:
நிறுத்துங்க! அளந்து பாருங்க, 9 இஞ்சு சதுரமா? 1980க்கு முந்தின டைல்ஸா இருந்தா அதுலயும் அந்த கறுப்பு கோந்துலயும் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சுல போனா நுரையீரல கெடுக்கற கனிம நார்) இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஒடையாம கெடக்கற வரைக்கும் பெரிசா ஆபத்தில்ல, சுரண்டினாலோ சாண்ட்பேப்பர் போட்டாலோதான் நார் காத்துல பறக்கும், கண்ணுக்கே தெரியாது, சாதா மாஸ்க் அதுக்கு நிக்காது. லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ற வரைக்கும் தரைய தொடாதீங்க, ஒடிஞ்ச எடத்த பிளாஸ்டிக் போட்டு டேப் ஒட்டிடுங்க, பெருக்கவும் வேணாம். டெஸ்ட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னு வந்தாலும் பேத்தே ஆகணும்னு இல்ல, பல எடத்துல அது மேலயே புதுத் தரைய போட்டு மூடிடறாங்க.

வெள்ளெலி:
அளந்தேன், 9தான் 😐 டெஸ்டுக்கு குடுத்துடறேன். அதுவரைக்கும் அந்த ரூமையே பூட்டிடறேன். வெளிப்பக்கம் இருக்கற கதவு பீடிங்க மட்டும் பாக்கலாம்ல? அதுவும் இதே முறையா?

மரத்தூள்:
வெளிப்பக்கம்னா பாக்கலாம், அந்தப் பெயின்ட்டும் ரொம்ப பழசுன்னா ஈயம் இருக்கலாம், அத சாண்ட்பேப்பர் போடாதீங்க. முறை அதேதான், கட்டர் கோடு மட்டும் ரெண்டு பக்கமும் போடணும், சுவர் பக்கம் ஒண்ணு, நிலைப் பக்கம் ஒண்ணு. நிக்கற துண்டோட கீழ்முனைல, சுவர் பக்க விளிம்புல ஆரம்பிச்சு மேல ஏறுங்க. மேல சாய்வா சேர்ற மூலைல பக்கவாட்டுல ஒரு ஆணி குறுக்க அடிச்சிருப்பாங்க, அங்க இழுத்தா நுனி பிளந்துக்கும், ஹேக்சா பிளேட அந்த இடுக்குல விட்டு ஆணிய அறுத்துட்டு எடுங்க.