கணிக்கத்தக்க பெயரா, காரணப்பெயரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

லினக்ஸ் கணினியைத் தொடக்கி நிர்வகிக்கும் மென்பொருள் சிஸ்டம்டி. 2013-இல் அதன் 197-ஆம் பதிப்புடன், நெட்வொர்க் இடைமுகங்களுக்கு (நெட்வொர்க் கார்டு போன்ற இணைப்புகளுக்கு) ஒரு புதிய பெயரிடல் முறை வந்தது. அதற்குத் தமிழில் 'கணிக்கத்தக்க பெயர்', 'நிலைப்பெயர்' என இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மெய்நிகர் கணினிகளில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் கணினிகளில்) நடப்பதைப் பார்த்தால் இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

முதலில் 'கணிக்கத்தக்க'. மெய்நிகர் கணினி மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் முதல் நெட்வொர்க் கார்டு வழக்கமாக இஎன்பி0எஸ்3 என்று வரும். பிசிஐ (கார்டுகளைக் கணினியுடன் இணைக்கும் தடம்) பஸ் 0, ஸ்லாட் 3 என்று பொருள். அப்படியானால் இரண்டாவது கார்டு? எஸ்4 என்றுதான் யாரும் நினைப்போம். வருவதோ இஎன்பி0எஸ்8. அதே வகை மென்பொருளான விஎம்வேரில் இஎன்எஸ்192 என்ற பெயரைப் பார்க்கிறோம். அந்த 192 அந்தக் கணினியின் அமைவுக் கோப்பில் பிசிஐ ஸ்லாட் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். கோப்பைத் திறந்து பார்க்காதவர் அதை எப்படிக் கணிப்பார்?

'நிலைப்பெயர்' இதைவிடச் சிக்கல். லினக்ஸின் மெய்நிகர் கணினி வசதியான கேவிஎம்மில் கணினி வகையை (மெய்நிகர் மதர்போர்டின் மாதிரியை) ஐ440எஃப்எக்ஸிலிருந்து கியூ35-க்கு மாற்றினால், இஎன்எஸ்3 என்று இருந்தது இஎன்பி1எஸ்0 ஆகிவிடலாம். இயக்கி (கார்டை இயக்கும் மென்பொருள்) அதே விர்ட்ஐஓதான், மேக் முகவரியும் (கார்டின் அடையாள எண்) அதேதான். பழைய பெயரை எழுதி வைத்த அமைவுக் கோப்பு பயனற்றுப் போகும், கணினி நெட்வொர்க் இல்லாமல் எழும். 'நிலை' என்ற சொல்லை நம்பியவருக்கு நாம் தவறான உறுதி கொடுத்தவர்கள் ஆவோம்.

இந்த முறை உண்மையில் என்ன செய்கிறது? இயக்கி கார்டைப் பதிவு செய்யும்போது, காலியாக உள்ள முதல் எண்ணைச் சேர்த்து ஈத்0 என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பெயர் வைக்கிறது. எது முதலில் வந்ததோ அதற்கு 0, அவ்வளவுதான். அப்புறம் சிஸ்டம்டியின் சாதன நிர்வாகியான யூடெவ் வந்து, கார்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பெயரை மாற்றுகிறது. கெர்னல் பதிவில் 'ஈத்0-இலிருந்து பெயர் மாற்றப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். ஆக, புதுப் பெயருக்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மாறாதவரை பெயரும் மாறாது. காரணம் மாறினால் பெயரும் மாறும்.

இதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: காரணப்பெயர். நான்கு கால் இருப்பதால் நாற்காலி. பஸ் 0, ஸ்லாட் 3-இல் இருப்பதால் இஎன்பி0எஸ்3. பள்ளியில் படித்த சொல் என்பதால் விளக்கமே தேவைப்படாது. இலக்கணச் சொல்லைக் கணினிக்கு எடுத்தால் குழப்பம் வரும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இங்கே பொருள் மாறவே இல்லையே, குழப்பம் எங்கிருந்து வரும்?

ஈத்0 வகையை 'இடுகுறிப்பெயர்' என்று சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணுக்கு வந்த வரிசை என்ற காரணம் இருக்கிறது. எனவே 'வரிசைப்பெயர்' சரி. மைக்ரோசாஃப்டின் மெய்நிகர் கணினி மென்பொருளான ஹைப்பர்-வியின் நெட்வொர்க் கார்டு பிசிஐ வழியாக வராமல், அதன் சொந்தத் தடமான விஎம்பஸ் வழியாக வருவதால், பெரும்பாலும் ஈத்0 என்றே நின்றுவிடுகிறது. அதையும் இந்தச் சொல் சிக்கலின்றி விளக்கிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: பெயருக்குக் 'காரணப்பெயர்', முறைக்குக் 'காரணப்பெயரிடல்', பழைய வகைக்கு 'வரிசைப்பெயர்'. 'இடைமுகம்', 'இயக்கி' இரண்டும் இப்போது உள்ளபடியே இருக்கட்டும். ஸ்லாட்டுக்கு 'செருகுவாய்' போதுமா என்பதைத் தனி இழையில் பேசலாம்.