ஆழமான பேஸுக்கு எத்தனை ஆசிலேட்டர் வேண்டும்?

கீழ்சுதி: யூரோராக்கில் (தனித்தனிப் பாகங்களை இணைத்துக் கட்டும் சிந்தசைசர்) இரண்டு சா ஆசிலேட்டர் (ரம்பப்பல் வடிவ ஒலியலையை எழுப்பும் பாகம்), அதன் பின் மூக் பாணி லேடர் ஃபில்டர் (கட்ஆஃப் என்ற எல்லைக்கு மேலுள்ள ஒலியைக் குறைப்பது). 55 ஹெர்ட்ஸில் வாசிக்கிறேன். ரெசனன்ஸை (கட்ஆஃப் அருகே உள்ள ஒலியைத் தூக்கிக் காட்டுவது) ஏற்றினால் குரல் வருகிறது, அடி, அதாவது கீழ்ஒலி, போய்விடுகிறது. மூன்றாவது ஆசிலேட்டர் வாங்கலாமா?

மின்னலை: தாராளமா வாங்குங்க ப்ரோ. 1970-ல வந்த மினிமூக் சிந்தசைசரோட கனத்துக்கு அதுல இருந்த மூணு ஆசிலேட்டர்தான் காரணம். மூணையும் லேசா சுதி பிசகவிட்டுப் பாருங்க, சுவரே நகர்ற மாதிரி இருக்கும்.

ஒற்றையலை: வாங்காதீங்க. லேடர் ஃபில்டர்ல ரெசனன்ஸுங்கிறது, வெளியே வர்ற ஒலியைத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே விடுறது. கட்ஆஃபுக்குக் கீழே இருக்கிறதெல்லாம் அதுல கழிஞ்சிடும். ஃபில்டர் தானாப் பாட ஆரம்பிக்கிற எல்லையில அடி ஐந்தில் ஒரு பங்காயிடும், சுமார் 14 டெசிபல் இழப்பு. பத்து ஆசிலேட்டர் சேர்த்தாலும் எல்லாம் அதே ஃபில்டர் வழியாத்தானே போகணும்?

பிசகும் அடிக்குக் கேடுதான். 55-ஐயும் 55.5-ஐயும் கலந்தா ரெண்டு விநாடிக்கு ஒருமுறை அடிப்படை அலை ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். அலையைத் திரையில காட்டுற ஸ்கோப்புல அந்தப் பள்ளத்தைக் கண்ணாலயே பார்க்கலாம். ஒரே ஆசிலேட்டரோட சைனை (அடிப்படை அலை மட்டும் இருக்கிற ஒலி) ஃபில்டருக்குள்ளே விடாம, மிக்சர்ல தனியாச் சேருங்க. மொத்தத்தையும் ஒரே விசிஏ (ஒலி அளவைக் கட்டுப்படுத்துற பாகம்) வழியா எடுங்க.

மின்னலை: அந்தச் சைன் பெரிய சப்வூஃபருக்குச் சரி. போன்ல வெச்சுக் கேளுங்க, ஒண்ணுமே வராது. மேற்சுரங்கள், அதாவது 55-ஓட மடங்குகளான 110, 165, 220 எல்லாம் இருந்தாத்தான் காது 55-ஐத் தானே ஊகிச்சுக்கும். அந்த மேற்சுரங்களுக்கு உயிர் கொடுக்கிறது பிசகுதான். அசையாத பேஸை என்னால ரெண்டு நிமிஷம் கேட்க முடியாது.

ஒற்றையலை: மேற்சுரம் வேண்டாம்னு நான் சொல்லலையே. சைனை, அலையை மடக்குற வேவ்ஃபோல்டர்ல விட்டா 165, 275-ன்னு ஒற்றைப்படை மேற்சுரங்கள் கிடைச்சிடும். அடியும் அசையாது.

கீழ்சுதி: நேற்றிரவு சைனைத் தனியாகச் சேர்த்தேன். அடி முன்பைவிட மெலிந்துவிட்டது!

ஒற்றையலை: கட்ஆஃபை எங்கே வெச்சிருக்கீங்க? 55 பக்கத்துல இருந்தா அப்படித்தான் ஆகும். ஃபில்டர்ல நாலு படி. கட்ஆஃப் இடத்துல ஒவ்வொரு படியும் அலையை 45 டிகிரி பின்தள்ளும். மொத்தம் 180, அதாவது தலைகீழ்; நேரா வர்ற சைனோட சேர்ந்தா ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும். சைனையும், அலையைத் தலைகீழாக்குற இன்வெர்ட்டர்ல திருப்பிட்டு மறுபடி கலந்து பாருங்க.

கீழ்சுதி: திருப்பினேன். மேஜை மேலிருந்த காபி டம்ளர் கிணுகிணுத்தது. பிறகு இரண்டாவது ஆசிலேட்டரை ஒரு ஸ்தாயி மேலே, 110-க்குக் கொண்டுபோய் அங்கே மட்டும் பிசகவிட்டேன். அடி நிலையாக நிற்கிறது, மேலே அலை ஆடுகிறது. போனிலும் கேட்கிறது. மூன்றாவது ஆசிலேட்டர் வாங்கவில்லை.

மின்னலை: அப்போ பிசகு இல்லாம முடியலைதானே! 110-ல ஒண்ணு ஆடினதுக்கே இப்படின்னா, அங்கே ரெண்டு ஆடினா எப்படி இருக்கும்னு யோசிங்க. நான் சொன்னதுல மாற்றமில்லை.