24 வார லேயரில் (முட்டைக் கோழி) சிறுநீரகக் கல், சாவு நிற்கவில்லை

நாமக்கல் பக்கம். கூண்டு லேயர், பி.வி.300 ரகம், 24 வாரம், 6,000 கோழி. மூணு வாரமா தினம் 7, 8 சாகுது. முந்தின நாள் வரை முட்டை போட்ட கோழி, கொண்டை வெளுத்து, பின்பக்கம் சுண்ணாம்பு எச்சம் ஒட்டி, காலையில் செத்துக் கிடக்குது.

அறுத்துப் பார்த்தால் ஒரு பக்கச் சிறுநீரகம் சுருங்கிப் போயிருக்கு, மறுபக்கம் வீங்கியிருக்கு. சிறுநீர்க்குழாய் பென்சில் தடிமன். கீறினால் வெள்ளைக் கல். இதய உறை, ஈரல் மேல் சாக்பீஸ் தூள் பூசின மாதிரி யூரேட் (யூரிக் அமில உப்பு).

13-வது வாரத்திலேயே 4% கால்சியம் உள்ள லேயர் தீவனம் போயிருக்கு. அந்த வயசுக்கு 1% போதும், மிச்சத்தைச் சிறுநீரகம்தான் சுமக்கணும். சிறுநீரகத்தையும் கெடுக்கும் ஐ.பி. (மூச்சுக்குழல் வைரஸ் நோய்) தடுப்பூசி முறையா போட்டாச்சு.

போர் தண்ணியை நிறுத்தி ஆர்.ஓ. தண்ணி, 5 நாள் வெல்லத் தண்ணி (லிட்டருக்கு 5 கிராம்), புது மக்காச்சோளம், டாக்சின் பைண்டர் (தீவனப் பூஞ்சை நஞ்சைப் பிடிப்பது), கால்சியத்துக்குப் பருவெட்டுக் கிளிஞ்சல் (பெரிய துகள் சிப்பி) எல்லாம் பார்த்தாச்சு. வெயிலுக்குக் கலந்த சமையல் சோடாவையும் நிறுத்தியாச்சு; அது சிறுநீரைக் காரமாக்கிக் கல்லைத்தான் வளர்க்கும். சாவு குறையலை.

மிச்சம் இருப்பது சிறுநீரை அமிலமாக்கும் அம்மோனியம் குளோரைடு. ஆனால் முட்டை ஓடு மெலியும். முட்டை போட்டுக்கிட்டு இருக்கும் கோழிக்கு இதைக் கொடுத்துப் பலன் கண்டவங்க, டன் தீவனத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை நாள் கொடுத்தீங்க?