அம்பாசிடர் 1489: 7.2-ஆ, 8.3-ஆ?

பாளை ஓ.எச்.வி.:
மார்க் 2 அம்பாசிடர் ஒண்ணு விற்பனைக்குன்னு விளம்பரம் ஓடுது. "ஒரிஜினல் பெட்ரோல் என்ஜின், கம்ப்ரெஷன் ரேஷியோ 8.3"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. பிஸ்டன் கீழே நிக்கும்போது சிலிண்டர்ல உள்ள மொத்த இடத்தை, மேலே வந்த பொறவு மிஞ்சுற இடத்தால வகுத்தா வர்றதுதான் இந்த ரேஷியோ. யாரு குடுத்த கணக்கு இது? பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இந்த 1489 சிசி என்ஜினை சீமையில 7.2, 8.3 ரெண்டு விதமாவும் போட்டான். அங்கத்த புஸ்தகத்தைப் பாத்துட்டு இங்கத்த வண்டிக்கு எழுதக்கூடாது. நம்ம வண்டிக்கு 7.2.

ஜங்ஷன் மார்க்-டூ:
விளம்பரம் நாந்தான் போட்டேன் அண்ணாச்சி. புஸ்தகம் பாத்து எழுதல, பிளக் ஓட்டையில அழுத்த கேஜ் வச்சுப் பாத்து எழுதினேன். நாலு சிலிண்டரும் 122 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). காத்தோட அழுத்தம் 14.7. வகுத்துப் பாரும், 8.3.

பாளை ஓ.எச்.வி.:
இதத்தான் எதிர்பாத்தேன். கேஜ் முள்ளு சும்மா இருக்கும்போதே வெளிக்காத்தை பூஜ்யம்னு எடுத்துக்கிட்டுதான் நிக்கி. உம்ம கணக்குப்படியே போனாலும் 122-ஓட 14.7-ஐக் கூட்டிட்டுல்லா வகுக்கணும். 9.3 வரும். விளம்பரத்தை 9.3-ன்னு மாத்துவீரா?

அந்தக் கணக்கே தப்பு. காத்தை அமுக்கினா சூடேறும், அழுத்தம் ரேஷியோவை விட அதிகமா ஏறும். இன்னொரு பக்கம், இன்லெட் வால்வு பிஸ்டன் கீழே போய்த் திரும்பின பொறவுதான் மூடுது, அதுல கொஞ்சம் காத்து திரும்பிப் போயிரும். பேட்டரி தளர்ந்து இருந்தா, த்ராட்டிலை முழுசா திறக்காம சுத்தினா, மீதி மூணு பிளக்கைக் கழத்தாம விட்டா எல்லாத்துக்கும் வேற வேற நம்பர் காட்டும். ரிங்கு தேஞ்சிருக்கா, வால்வு ஒழுகுதான்னு பாக்கத்தான் கேஜ்.

தென்காசி பத்மினி:
ரெண்டு பேருக்கும் எதுக்கு இந்த சண்டை? இரும்பு ஹெட்டுக்கு (சிலிண்டருக்கு மேல் மூடி) 7.2 போட்டாலும் 8.3 போட்டாலும் சூடு உள்ளயேதான் நிக்கும். பத்மினிக்கு அலுமினிய ஹெட்டு, போர் (சிலிண்டர் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 75, 1089 சிசி. இழுவையைப் பாரும்.

ஜங்ஷன் மார்க்-டூ:
பத்மினியில அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு மாஞ்சோலை ஏறிக் காட்டும், பொறவு பேசுவோம். எனக்கு 122 காட்டுது. 8.3.

பாளை ஓ.எச்.வி.:
122-ஐ விடும் வே. அளக்கதுக்கு வழி சொல்லுதேன். போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9. ஒரு சிலிண்டருக்கு 372.3 சிசி. 7.2-ன்னா மேலே மிஞ்சுற இடம் 60 சிசி, 8.3-ன்னா 51. வித்தியாசம் 9 சிசி. இது கண்ணுக்குத் தெரியும்.

ஹெட்டைக் கவுத்திப் போட்டு மட்டம் பாரும். வால்வு சீட்டுல லேசா கிரீஸ், பிளக்கை மாட்டும். ஓட்டை போட்ட கண்ணாடித் தகட்டை கிரீஸ் வச்சு ஒட்டி, பியூரெட்டுல (அளவு போட்ட கண்ணாடிக் குழாய்) இருந்து சீமெண்ணெய் விடும். கொமுளி நிக்கக்கூடாது. அப்புறம் பிஸ்டன் விளிம்பை பிளாக் மட்டத்துக்குக் கீழே சரியா 10 மி.மீ. இறக்கி, சுத்தி கிரீஸால அடைச்சு, அதே தகட்டை வச்சு ரொப்பும். தட்டைப் பிஸ்டன்னா 41.9 சிசிதான் கொள்ளும். அதுக்கு மேலே போறது பூரா பிஸ்டன் குழி. கேஸ்கெட் ஓட்டை 75 மி.மீ., அமுங்கின கனம் 0.9-ன்னா இன்னொரு 4 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிக்கும்போது பிளாக்குக்குக் கீழே எவ்வளவு நிக்கின்னு டயல் கேஜ்ல பாத்து அதையும் சேரும். எல்லாத்தையும் கூட்டினா 60-ஆ 51-ஆன்னு தெரிஞ்சிரும்.

சேரன்மாதேவி லேத்:
ஹெட்டை ஃபேஸிங் (அடிப்பக்கத்தைச் சீவி மட்டம் பண்றது) பண்ணியிருந்தா? பழைய ஹெட்டு எதுவும் ஒரு தடவையாவது லேத்துக்கு வந்துதான் இருக்கும். போரிங்கையும் (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குறது) விட்டுட்டீரு.

ஜங்ஷன் மார்க்-டூ:
அப்பிடிக் கேளும்! ஹெட்டு சீவியாச்சு. அதாம் 8.3.

பாளை ஓ.எச்.வி.:
அப்போ விளம்பரத்துல "ஒரிஜினல்"னு எதுக்குப் போட்டீரு? சேம்பர் வாய் 30 சதுர செ.மீ.ன்னு வச்சாலும், அரை மி.மீ. சீவினா 1.5 சிசிதான் குறையும். 7.2 போயி 7.4 ஆகும், அவ்வளவுதான். 9 சிசி குறைக்க 3 மி.மீ. சீவணும். அம்புட்டு சீவினா புஷ்ராடு (ராக்கரைத் தள்ளி வால்வைத் திறக்கிற கம்பி) நீளமாத் தெரியும், ராக்கர் கோணல் ஆவும், வால்வு கிளியரன்ஸ் பிடிக்காது. லேத்துக்காரரு சொன்ன போரிங்: 40 தவ் (அங்குலத்துல ஆயிரத்துல நாப்பது பங்கு) ஓவர்சைஸ் போட்டா சிலிண்டருக்கு 382.8 சிசி. அதுவும் 7.4-தான்.

சேரன்மாதேவி லேத்:
ரெண்டும் சேந்து பண்ணியிருந்தா 7.5-ஐத் தாண்டும். அதைச் சொல்ல வாய் வரலையே.

பாளை ஓ.எச்.வி.:
7.5-க்கும் 8.3-க்கும் எவ்வளவு தூரம்னு லேத்துக்காரருக்கே தெரியும்.

ஜங்ஷன் மார்க்-டூ:
ஏத்தத்துல மூணாவது கியர்ல என்ஜின் தட்டுது (நாக்கிங்). லோ கம்ப்ரெஷன் என்ஜின் தட்டுமாவே?

பாளை ஓ.எச்.வி.:
தட்டும். பிஸ்டன் தலையில கார்பன் கட்டினா தட்டும், டிஸ்ட்ரிபியூட்டர் வெயிட்டு ஸ்பிரிங் தளர்ந்து அட்வான்ஸ் (பிளக்கு பொறி விடுற நேரம்) முந்தினா தட்டும். இன்னைக்கு பெட்ரோல் பங்குல ஊத்துறது 91 ஆக்டேனுக்கு (பெட்ரோல் தட்டாம தாங்குற அளவு) குறையாது, அதுக்கு 7.2 தட்டவே கூடாது. டைமிங்கைப் பாக்காம ரேஷியோ மேல பழி போடுதீரு. 1000 மீட்டர் ஏறினா காத்தழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல குறையும். மாஞ்சோலையில அதே கேஜை வச்சா 122 காட்டாது. அங்க போனா ரேஷியோ குறைஞ்சிட்டுன்னு எழுதுவீரா?

தென்காசி பத்மினி:
மலை ஏத்தத்துக்கு வந்தாச்சுல்லா, இப்ப அலுமினிய ஹெட்டைப் பத்திப் பேசலாம்.

பாளை ஓ.எச்.வி.:
அதுக்கு வேற இழை போடும்.

ஜங்ஷன் மார்க்-டூ:
வண்டியை வாங்க வர்றவனுக்கு ஹெட்டைக் கழத்திக் காட்ட முடியாது. கேஜ் காட்டலாம். விளம்பரத்துல 8.3 அப்பிடியேதான் இருக்கும்.

பாளை ஓ.எச்.வி.:
வாங்க வர்றவன்கிட்ட 60 சிசி கணக்கை நான் சொல்லுதேன்.