பாடசாலைக்கு உளவியலாளர் வேண்டுமா, ஆலோசனை ஆசிரியர் போதாதா?

வாழைச்சேனையான்:
ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருக்கும்போது உளவியலாளர் எதற்கு என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த பாடசாலை ஒன்றில் ஆலோசனை அறையும் விளையாட்டுச் சாமான் அறையும் ஒன்றுதான். பிள்ளை வாய் திறக்கிற நேரம் பார்த்து வலைப்பந்து எடுக்க நாலு பேர் வந்து நிற்பார்கள். அதே ஆசிரியர்தான் கணிதமும் படிப்பிக்கிறார். தனக்குப் புள்ளி போடுகிறவரிடம் எந்தப் பிள்ளை வீட்டுக்கதை சொல்லும்?

கொக்கட்டிச்சோலை ரீச்சர்:
தம்பி, அறை இல்லாதது ஆசிரியரின் குற்றமா? தாய் குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு. அந்தப் பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வீடு தேடிப் போவது நாங்கள்தான். 2004 சுனாமிக்குப் பிறகும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றது ஆசிரியர்கள். பட்டம் படித்த ஒருவர் எப்போதாவது வந்து படிவம் நிரப்பிவிட்டுப் போய் என்ன பயன்? எங்களுக்குப் பயிற்சி தாருங்கள், பாடவேளையைக் குறையுங்கள்.

வாழைச்சேனையான்:
அக்கா, உங்கள் அக்கறையில் குறை சொல்லவில்லை. வேலை வேறு. ஐந்தாம் தரம் வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையை எடுங்கள். கண்ணா, காதா, டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமமா, இரவு நித்திரையில்லையா? முறையாகச் சோதித்தால்தான் தெரியும். அதுவரைக்கும் அதற்கு 'மொக்கு' என்றுதான் பெயர். அமெரிக்காவில் பாடசாலை உளவியலாளர் சங்கத்தின் அளவுகோல், முதல் பட்டத்துக்கு மேல் குறைந்தது 60 கிரெடிட் (பல்கலைக்கழகப் பாட அலகு) படிப்பும் 1,200 மணித்தியாலப் பயிற்சியும். அதில் 600 மணித்தியாலமாவது பாடசாலைக்குள்ளே செய்ய வேண்டும். 500 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதும் அவர்களுடைய பரிந்துரைதான்.

கல்லடி:
கணக்கு நல்லது. ஆனால் அங்குள்ள பிள்ளைகளை வைத்து எது சராசரி என்று அளவு பிடித்த சோதனையைத் தமிழாக்கி எங்கள் பிள்ளைக்கு வைத்தால், கெட்டிக்காரப் பிள்ளையும் பின்தங்கியதாகத் தெரியும். அந்தத் தாளைத் தாயின் கையில் கொடுத்தால் பிறகு அழிக்க ஏலாது.

வாழைச்சேனையான்:
அதனால்தான் படித்தவர் வேண்டும் என்கிறேன். எந்தச் சோதனை யாருக்குப் பொருந்தாது என்று தெரிவது தகுதியில் பெரிய பங்கு. தமிழில் அளவு பிடிக்கிற வேலையையும் அவர்கள்தான் செய்ய வேண்டும்.

கொக்கட்டிச்சோலை ரீச்சர்:
சரி, வரட்டும். ஆனால் கல்வி வலயத்துக்கு ஒருவர் என்று போட்டால் அவர் நகரத்துப் பாடசாலைகளோடு நின்றுவிடுவார். மண்முனைப் பாலம் தாண்டி எங்கள் பக்கம் கிழமைக்கு ஒருநாள் கட்டாயம் வருவார் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முதல் பிள்ளையை நானே கூட்டி வருகிறேன்.